வந்தவர் எந்தப் பக்கத்திலிருந்து வந்தார்? சர்வரில் கண்டுபிடிக்கும் வழி

பத்தமடைப் பாய் விற்கும் கடை ஒன்றுக்கு வெப்சைட் எழுதுகிறீர்கள் என்று வைத்துக்கொள்வோம். சாதாரணக் கோரைப் பாய், மெல்லிசாக நெய்த பட்டுப் பாய், மாப்பிள்ளை பொண்ணு பேர் போட்ட கல்யாணப் பாய் என்று ஒவ்வொன்றுக்கும் தனிப் பக்கம். எல்லாப் பக்கத்துக்கும் அடியில் ‘விலை விசாரிக்க’ என்று ஒரே லிங்க். அதைத் தட்டினால் ஒரே ஃபார்ம்: பெயர், போன் நம்பர், உங்கள் கேள்வி. சைட் ஓடத் தொடங்கிய வாரத்திலேயே கடைக்கார அண்ணாச்சியிடமிருந்து போன் வரும். “தம்பி, ‘இது என்ன விலை’ன்னு மட்டும் எழுதியிருக்காவ. எந்தப் பாயைப் பார்த்துட்டுக் கேக்காவன்னே தெரியலையே.”

அவர் கேட்பது நியாயமான கேள்வி. ஃபார்ம் பக்கத்துக்கு வருவதற்கு முன் அந்த வாடிக்கையாளர் எந்தப் பக்கத்தில் இருந்தார்? அந்தப் பக்கத்தின் யுஆர்எல் நம் சர்வருக்குத் தெரியுமா?

எச்டிடிபிக்கு இயல்பாக ஞாபகம் கிடையாது. ஒவ்வொரு ரெக்வெஸ்ட்டும் தனித்தனி. முந்தைய பக்கம் எதுவென்று சர்வருக்குத் தெரியவேண்டுமானால் இரண்டு வழிதான் உண்டு. பிரவுசர் தானாக வந்து சொல்லவேண்டும். அதற்கென்றே இருப்பது ரெஃபரர் ஹெட்டர்; ஹெட்டர் என்றால் ஒவ்வொரு ரெக்வெஸ்ட்டோடும் பிரவுசர் சேர்த்து அனுப்பும் தகவல் வரி. இல்லையென்றால் அந்தத் தகவலை நீங்களே லிங்க்கிலோ ஃபார்மிலோ செஷனிலோ (ஒவ்வொரு வருகையாளருக்கும் சர்வர் வைத்திருக்கும் தற்காலிக நினைவு) வைக்கவேண்டும். பாளையங்கோட்டை, வண்ணார்பேட்டைப் பக்கம் படிப்பை முடித்துவிட்டு ஊர்க் கடைகளுக்கு சைட் செய்து கொடுக்கத் தொடங்கும் பிள்ளைகள் பெரும்பாலும் முதல் வழியோடு நின்றுவிடுகிறார்கள். தங்கள் லேப்டாப்பில் அது சரியாக வேலை செய்வதுதான் காரணம். வாடிக்கையாளரின் போனில் அதே கோடு வெறும் கையோடு நிற்கும். அதனால் இரண்டு வழிகளையும் பார்த்துவிடுவோம்.

முதலில் கண்ணால் பாருங்கள்

கோடு எழுதுமுன் பிரவுசர் என்ன அனுப்புகிறது என்று பாருங்கள். குரோமிலோ ஃபயர்ஃபாக்ஸிலோ கல்யாணப் பாய் பக்கத்தைத் திறந்து, எஃப்12 அமுக்கி, நெட்வொர்க் டேபுக்குப் போங்கள். ‘விலை விசாரிக்க’ லிங்க்கைத் தட்டுங்கள். பட்டியலில் ஃபார்ம் பக்கத்தின் ரெக்வெஸ்ட்டைத் தேர்ந்தெடுத்தால் ரெக்வெஸ்ட் ஹெட்டர்கள் தெரியும். அவற்றில் ரெஃபரர் என்ற வரியில் கல்யாணப் பாய் பக்கத்தின் முழு முகவரி இருக்கும். அதே ஃபார்ம் முகவரியைப் புது டேபில் கையால் டைப் செய்து போய்ப் பாருங்கள். அந்த வரியே இருக்காது. இந்த இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தவர்களுக்கு மீதி விஷயம் பாதி புரிந்த மாதிரி.

பட்டியலில் உள்ள படங்களின் ரெக்வெஸ்ட்டையும் தட்டிப் பாருங்கள். அவற்றிலும் ரெஃபரர் உண்டு. அங்கே இருப்பது அந்தப் படம் எந்தப் பக்கத்தில் வைக்கப்பட்டிருக்கிறதோ அந்தப் பக்கத்தின் முகவரி. ஜாவாஸ்கிரிப்ட்டில் ஃபெட்ச் மூலம் கேட்கும் தகவலுக்கும் அப்படித்தான்: கேட்ட பக்கம் எதுவோ அதுதான் ரெஃபரர். அதற்கு முந்தைய பக்கம் வராது. ஃபார்மை ஃபெட்ச் வழியாக அனுப்பிவிட்டு, ‘ரெஃபரரில் ஃபார்ம் பக்கமே வருதே’ என்று குழம்புகிறவர்களுக்கு இதுதான் பதில்.

சர்வரில் வாசிப்பது

ஹெட்டரின் பெயரை ஆங்கிலத்தில் ஆர், ஈ, எஃப், ஈ, ஆர், ஈ, ஆர் என்று ஏழு எழுத்தில் அடிக்கவேண்டும். அகராதிப்படி நடுவில் இரண்டு ஆர் வரவேண்டும். ஆனால் 1996இல் வந்த எச்டிடிபி 1.0 ஆவணத்திலேயே ஒற்றை ஆர் போட்டு நிலைத்துவிட்டது. 2022இல் வந்த எச்டிடிபி விதிமுறை ஆவணமான ஆர்எஃப்சி 9110 வரைக்கும் அதே எழுத்துதான். இரண்டு ஆர் போட்டு ஹெட்டரைத் தேடினால் எர்ரர் எதுவும் வராது, வெறுமை மட்டும் வரும். எங்கே தப்பு என்று பிடிபடாமல் மண்டையை உடைத்துக்கொள்ள வைக்கும் இடம் இது.

பிஎச்பியில் சர்வர் என்ற சூப்பர் குளோபல் அரேக்குள் ‘எச்டிடிபி அண்டர்ஸ்கோர் ரெஃபரர்’ என்ற கீ, எல்லாம் பெரிய எழுத்தில், ஒற்றை ஆர். ஜாங்கோவில் ரெக்வெஸ்ட்டின் மெட்டா என்ற டிக்‌ஷனரியில் அதே கீ. ஜாவா சர்வ்லெட்டில் கெட்ஹெட்டர் மெத்தடுக்கு ஹெட்டரின் பெயரைக் கொடுக்கவேண்டும். ஃபிளாஸ்க்கில் ரெக்வெஸ்ட்டின் ரெஃபரர் பிராப்பர்ட்டி இருக்கிறது. அந்தப் பிராப்பர்ட்டியின் பெயரில் மட்டும் இரண்டு ஆர். எக்ஸ்பிரஸ்ஸில் கெட் மெத்தடுக்கு எந்த எழுத்தில் கொடுத்தாலும் ஏற்றுக்கொள்ளும். பழைய ஏஎஸ்பி டாட் நெட்டில் யுஆர்எல் ரெஃபரர் என்ற பிராப்பர்ட்டி உண்டு. டாட் நெட் கோரில் அது இல்லை, ஹெட்டர்ஸ் கலெக்‌ஷனில் இருந்துதான் எடுக்கவேண்டும்.

ஊர்ப்பக்கக் கடைகளின் சைட்டுகள் பெரும்பாலும் ஷேர்டு ஹோஸ்டிங்கில் பிஎச்பியில் ஓடுவதால் அதையே வைத்துச் சொல்கிறேன். கீ இருக்கிறதா என்று பார்க்காமல் நேராக எடுக்காதீர்கள். ஹெட்டர் வராத நேரத்தில் வார்னிங் அடிக்கும். டிஸ்ப்ளே எர்ரர்ஸ் திறந்திருந்தால் அந்த வார்னிங்கும் கோப்பின் பாதையும் வாடிக்கையாளர் கண்ணில் படும். இரட்டைக் கேள்விக்குறி ஆப்பரேட்டரைப் போட்டு, இல்லையென்றால் வெற்று ஸ்ட்ரிங் என்று எழுதிவிடுங்கள்.

அடுத்து, எடுத்ததை அப்படியே திரையில் அச்சடிக்காதீர்கள். ரெஃபரர் என்பது வெளியாள் அனுப்பும் எழுத்து. கர்ல் கமாண்டில் சின்ன ஈ ஆப்ஷனைப் போட்டால் யார் வேண்டுமானாலும் எந்த முகவரியை வேண்டுமானாலும் ரெஃபரராக அனுப்பலாம். அதை அண்ணாச்சியின் அட்மின் பக்கத்தில் காட்டும்போது எச்டிஎம்எல் ஸ்பெஷல்சார்ஸ் ஃபங்ஷனில் போட்டே காட்டவேண்டும். டேட்டாபேஸில் போடும்போது, கட்டளையையும் தகவலையும் தனித்தனியாக அனுப்பும் பிரிப்பேர்டு ஸ்டேட்மென்ட். கிளிக் செய்யும் லிங்க்காகக் காட்டுவதென்றால் அது எச்டிடிபி அல்லது எச்டிடிபிஎஸ் என்று தொடங்குகிறதா என்றும் பார்த்துக்கொள்ளுங்கள்.

தமிழ் முகவரி வைத்தவர்கள் கவனிக்க

பக்க முகவரியைத் தமிழிலேயே வைக்கும் பழக்கம் இப்போது வந்திருக்கிறது. நல்ல பழக்கம்தான். ‘பத்தமடை-கல்யாணப்-பாய்’ என்று அட்ரஸ் பாரில் பார்க்க அழகாக இருக்கும். ரெஃபரர் ஹெட்டரில் அது அப்படி வராது. யுடிஎஃப்-8 முறையில் தமிழின் ஒவ்வொரு குறியும் மூன்று பைட். ஒவ்வொரு பைட்டும் ஒரு சதவீதக் குறி, அதோடு இரண்டு இலக்கம் என்று எழுதப்படும். ஆக ஒரு தமிழ்க் குறிக்கு ஒன்பது எழுத்து. ‘பாய்’ என்ற சொல்லில் ப, துணைக்கால், ய, புள்ளி என்று நான்கு குறிகள் இருப்பதால் 36 எழுத்து. ‘பத்தமடை-கல்யாணப்-பாய்’ முழுதும் 173 எழுத்து ஆகிவிடும்.

இதில் இரண்டு இடத்தில் அடிபடுவோம். மெயிலில் அண்ணாச்சிக்கு ரெஃபரரை அப்படியே அனுப்பினால் சதவீதக் குறிக் காடாக இருக்கும். ரா யுஆர்எல் டீகோடு போட்டு, பிறகு எஸ்கேப் செய்து காட்டவேண்டும். இன்னொன்று, டேட்டாபேஸில் அந்த நெடுவரிசையின் நீளத்தை வழக்கம்போல 255 எழுத்து என்று வைத்திருந்தால், டொமைன் பெயரும் ஒரு வகைப் பெயரும் சேர்ந்த தமிழ் முகவரி அதைத் தாண்டிவிடும். ஒன்று இன்சர்ட் ஆகாது, அல்லது நடுவில் வெட்டுப்பட்டு ஒரு எழுத்தின் பாதியோடு நிற்கும். டெக்ஸ்ட் வகையாக வைத்துவிடுவது நிம்மதி.

எப்போதெல்லாம் வராது, எப்போதெல்லாம் பாதிதான் வரும்

முகவரியை டைப் செய்தால் வராது. புக்மார்க்கில் இருந்து வந்தால் வராது. லிங்க்கில் நோரெஃபரர் என்று போட்டிருந்தால் வராது. எச்டிடிபிஎஸ் பக்கத்திலிருந்து வெறும் எச்டிடிபி பக்கத்துக்கு வந்தால் இன்றைய பிரவுசர்கள் அனுப்பாது. சில ஆபீஸ் நெட்வொர்க்குகளில் ப்ராக்ஸியே அந்த வரியை எடுத்துவிடும். நம் ஊரில் எல்லாவற்றையும்விட முக்கியமானது வாட்ஸ்அப். கல்யாண வீட்டுக்காரர்கள் பாயின் படத்தோடு லிங்க்கை வாட்ஸ்அப் குரூப்பில் போட்டுத்தான் ‘இது நல்லாயிருக்கா’ என்று கேட்கிறார்கள். அப்படி ஆப்பிலிருந்து வருகிறவர்களுக்கு முந்தைய பக்கம் என்று ஒன்று இல்லவே இல்லை. ரெஃபரரை எதிர்பார்க்க முடியாது. ஆண்ட்ராய்டில் சில ஆப்கள் தங்கள் பெயரை ‘ஆண்ட்ராய்டு-ஆப்’ என்று தொடங்கும் முகவரியாக அனுப்புவதும் உண்டு. எச்டிடிபி என்று தொடங்கும் என்றே நம்பி எழுதிய கோடு அங்கே உடையும்.

பாதி மட்டும் வரும் கதைதான் புதியவர்களை அதிகம் குழப்புகிறது. ஒரு பக்கம் எவ்வளவு ரெஃபரர் தகவலை வெளியே விடலாம் என்பதை ரெஃபரர்-பாலிசி என்ற வேறொரு ஹெட்டர் தீர்மானிக்கிறது. அந்தப் பெயரில் இரண்டு ஆர், சரியான எழுத்து. சைட் ஒன்றும் சொல்லாவிட்டால் பிரவுசர் தன் இயல்புநிலையை எடுத்துக்கொள்ளும். குரோம் 2020இல் 85ஆம் பதிப்பிலும் ஃபயர்ஃபாக்ஸ் 2021இல் 87ஆம் பதிப்பிலும் இந்த இயல்புநிலையை இறுக்கிவிட்டன. அதன்படி ஒரே ஆரிஜினுக்குள் (அது என்னவென்று அடுத்து வருகிறது) நடக்கும்போது முழு முகவரி போகும். வேறு ஆரிஜினுக்குப் போகும்போது டொமைன் வரை மட்டும்தான் போகும். வேறொரு சைட்டில் யாரோ உங்கள் கல்யாணப் பாயைப் பாராட்டி எழுதி லிங்க் கொடுத்தால், அந்த சைட்டின் பெயர் தெரியும். எந்தப் பக்கம் என்று தெரியாது. அது பிரவுசரின் குறை இல்லை. வாசகரின் அந்தரங்கத்துக்காக வேண்டுமென்றே வைத்த ஏற்பாடு, வைத்தது சரியும்கூட.

ஆரிஜின் என்றால் ஸ்கீம், ஹோஸ்ட், போர்ட் மூன்றும் சேர்ந்தது. டபிள்யூ டபிள்யூ டபிள்யூ போட்ட முகவரியும் போடாத முகவரியும் வேறு வேறு ஆரிஜின். பாய்ப் பக்கங்கள் ஒன்றிலும் ஃபார்ம் இன்னொன்றிலும் இருந்தால், உங்கள் சைட்டுக்குள்ளேயே ரெஃபரர் டொமைனோடு நின்றுவிடும். ஒரே வடிவத்துக்கு நிரந்தர ரீடைரக்ட் போட்டு வைப்பதோடு, உள்ளே இருக்கும் லிங்க்குகளையும் அதே வடிவத்துக்கு மாற்றிவிடுங்கள். இந்த வேலை எப்படியும் செய்யவேண்டியதுதான்.

முகவரியில் ஹேஷ் குறிக்குப் பின்னால் உள்ளது எப்போதுமே ரெஃபரரில் வராது. ஒரே நீளப் பக்கத்தில் எல்லாப் பாயையும் வரிசையாக வைத்து, ஹேஷ் போட்டுக் குதிக்க விட்டிருந்தால் எந்தப் பாய் என்பது சர்வருக்குத் தெரியாது.

ரீடைரக்ட் நடுவில் வந்தால்? சர்வர் 302 என்ற ரீடைரக்ட் எண்ணைக் கொடுத்து அனுப்பினால், ரெஃபரர் முதலில் கிளிக் செய்த பக்கமாகவே இருக்கும்; இடையில் உள்ள முகவரி தெரியாது. ஜாவாஸ்கிரிப்ட்டில் லொக்கேஷனை மாற்றி அனுப்பினால் அந்த இடைப்பக்கம்தான் ரெஃபரராக வரும்.

நீங்களே கொடுத்து அனுப்புங்கள்

இப்போது அண்ணாச்சியின் கேள்விக்கு வருவோம். அவருக்கு வேண்டியது யுஆர்எல் இல்லை. எந்தப் பாய் என்பதுதான் வேண்டும். அது உங்கள் டேட்டாபேஸில் ஓர் எண்ணாக ஏற்கெனவே இருக்கிறது. ‘விலை விசாரிக்க’ லிங்க்கின் கடைசியில் கேள்விக்குறி போட்டு அந்த எண்ணைச் சேர்த்துவிடுங்கள். ஃபார்ம் பக்கம் அந்த எண்ணை வாங்கி, முழு எண்தானா என்று பார்த்து, டேட்டாபேஸில் அப்படி ஒரு பாய் இருக்கிறதா என்று தேடி, ‘நீங்கள் கேட்பது: கல்யாணப் பாய்’ என்று படத்தோடு மேலே காட்டட்டும். வாட்ஸ்அப்பில் இந்த லிங்க்கையே யாராவது அனுப்பினாலும் வேலை செய்யும். தப்பான பாயாக இருந்தால் வாடிக்கையாளரே பார்த்துச் சொல்லிவிடுவார். ரெஃபரரை நம்பி எழுதும் எந்தக் கோடும் இதற்கு ஈடாகாது.

எல்லாப் பக்கத்திலும் பொதுவாக வரும் ஃபுட்டரில் லிங்க் இருந்தால் அங்கே பாய் எண் தெரியாது. அப்போது இப்போதைய பக்கத்தின் பாதையையே லிங்க்கில் சேர்க்கலாம். பிஎச்பியில் அது சர்வர் அரேயில் ‘ரெக்வெஸ்ட் அண்டர்ஸ்கோர் யுஆர்ஐ’ என்ற கீயில் கிடைக்கும். ரா யுஆர்எல் என்கோடு போட்டுச் சேர்க்கவேண்டும்.

ஃபார்ம் பக்கத்துக்கு வந்த தகவலை அங்கேயே ஹிடன் ஃபீல்டில், அதாவது திரையில் தெரியாத ஃபார்ம் கட்டத்தில், போட்டுவிடுங்கள். இது ஏன் முக்கியம் என்று ஒரு முறை நடந்து பாருங்கள். வாடிக்கையாளர் போன் நம்பரில் ஓர் இலக்கத்தை விட்டுவிட்டு அனுப்புகிறார். சர்வர் தப்பைக் காட்டி அதே ஃபார்மை மறுபடி கொடுக்கிறது. இப்போது அவர் திருத்தி அனுப்பும்போது ரெஃபரர் என்ன? ஃபார்ம் பக்கமேதான். முதல் தடவை அனுப்பும்போதும் அதுவேதான், ஏனென்றால் போஸ்ட் ரெக்வெஸ்ட்டின் ரெஃபரர் அந்த ஃபார்ம் இருந்த பக்கம். பாய்ப் பக்கத்தின் முகவரி ஃபார்ம் முதன்முதல் திறந்த அந்த ஒரு ரெக்வெஸ்ட்டில் மட்டும் வந்து போய்விட்டது. அப்போது பிடித்து ஹிடன் ஃபீல்டில் வைக்காவிட்டால் அவ்வளவுதான். தப்பு வந்து மறுபடி ஃபார்மைக் காட்டும்போதும் அனுப்பப்பட்ட ஹிடன் மதிப்பையே திரும்பப் போடவேண்டும். புதிதாக ரெஃபரரை வாசித்துப் போட்டால் ஃபார்ம் முகவரி மேலே ஏறிவிடும்.

செஷனில் வைக்கலாமே என்று கேட்பார்கள். வைக்கலாம், ஒரே டேபில் உலவுகிறவருக்கு. கல்யாண ஜவுளியும் சீரும் பார்க்கிறவர்கள் அப்படி உலவ மாட்டார்கள்; மூன்று பாயை மூன்று டேபில் திறந்து ஒப்பிடுவார்கள். செஷன் எல்லா டேபுக்கும் பொது என்பதால் கடைசியாகத் திறந்த பாய் முந்தையதை அழித்துவிடும். பட்டுப் பாய் டேபிலிருந்து கேட்டவருக்குக் கோரைப் பாய் விலை போகும்.

பேமென்ட் கேட்வே வைத்திருந்தால் இன்னொரு எச்சரிக்கை. பணம் கட்டிவிட்டுத் திரும்பி வரும் ரெக்வெஸ்ட்டில் ரெஃபரர் கேட்வேயின் டொமைனாக இருக்கும், அல்லது காலியாக இருக்கும். கேட்வே போஸ்ட் முறையில் திருப்பி அனுப்பினால், வேறு சைட்டிலிருந்து வரும் ரெக்வெஸ்ட்டில் குக்கீ வரலாமா என்று சொல்லும் சேம்சைட் அமைப்பு லாக்ஸ் என்று இருக்கும்பட்சத்தில் செஷன் குக்கீயும் வராது. எந்த ஆர்டர் என்பதை ஆர்டர் எண்ணை வைத்தே கண்டுபிடியுங்கள்.

திரும்பிப் போகும் லிங்க்

நன்றிப் பக்கத்தில் ‘பார்த்துக்கொண்டிருந்த பாய்க்குத் திரும்ப’ என்று லிங்க் வைக்க ஆசை வரும். லாகின் முடிந்ததும் வந்த இடத்துக்கே அனுப்பவும் இதே தேவை. லிங்க்கில் பாதையைச் சேர்த்து அனுப்பி, வேலை முடிந்ததும் அங்கே ரீடைரக்ட் செய்வார்கள். சேர்த்த பாதையைச் சோதிக்காமல் ரீடைரக்ட் செய்தால் உங்கள் கடையின் பெயரை வைத்து வேறொருவன் ஏமாற்றுவான். உங்கள் டொமைனில் தொடங்கும் லிங்க்கை அனுப்புவான். அது வாடிக்கையாளரைக் கொண்டுபோய் அவனுடைய போலிப் பக்கத்தில் விடும்.

சோதனை இப்படி: பாதை ஒரு சாய்கோட்டில் தொடங்கவேண்டும். இரண்டாவது எழுத்தும் சாய்கோடாக இருக்கக்கூடாது, ஏனென்றால் இரட்டைச் சாய்கோட்டுக்குப் பின் வருவதைப் பிரவுசர் வேறு டொமைனாக எடுத்துக்கொள்ளும். இரண்டாவது எழுத்து பின்சாய்கோடாகவும் இருக்கக்கூடாது. பிரவுசர்கள் அதையும் சாய்கோடாகவே எடுக்கும். டேப், புதுவரி போன்ற கண்ணுக்குத் தெரியாத எழுத்துகள் இருந்தால் அப்படியே தள்ளிவிடுங்கள். தேறாத எதற்கும் முகப்புப் பக்கம். ஜாங்கோவில் இதற்கென்றே ஃபங்ஷன் இருக்கிறது. ரெயில்ஸில் ரீடைரக்ட் பேக் மெத்தட் ரெஃபரர் இல்லாதபோது எங்கே போகவேண்டும் என்று உங்களிடமே கேட்கும். ஃபிரேம்வொர்க் கொடுத்திருந்தால் அதையே பயன்படுத்துங்கள்.

ரெஃபரர் அருமையாகப் பயன்படும் இடம்

தனியொரு ஆளின் வேலை அதை நம்பி நிற்காதவரை ரெஃபரர் நல்ல துப்பு. அப்பாச்சியின் கம்பைன்டு லாகிலும் இன்ஜின்எக்ஸின் இயல்பான லாகிலும் அது ஏற்கெனவே எழுதப்படுகிறது. ஸ்டேட்டஸ் எண்ணுக்கும் பைட் அளவுக்கும் பிறகு மேற்கோள் குறிக்குள் வரும், இல்லையென்றால் ஒரு சிறு கோட்டுக் குறி (-) இருக்கும். லாகில் 404 (பக்கம் இல்லை) வந்த வரிகளை மட்டும் கிரெப் கமாண்டால் தேடி எடுத்து, அவற்றின் ரெஃபரரில் உங்கள் டொமைன் இருப்பதைப் பாருங்கள். சைட்டில் எந்தப் பக்கத்தில் உடைந்த லிங்க் இருக்கிறது என்று கையில் வந்துவிடும். கடை சைட் ஒன்றைப் பராமரிக்கிறவர் மாதம் ஒருமுறையாவது இதைச் செய்யவேண்டும். உங்களுக்குச் சம்பந்தமே இல்லாத சைட்டுகளின் பெயர் கூட்டம் கூட்டமாக ரெஃபரரில் வந்தால் கிளிக் செய்து பார்க்காதீர்கள். உங்களைக் கிளிக் செய்ய வைப்பதற்காகவே பாட்கள் (தானாக ஓடும் நிரல்கள்) அனுப்பும் குப்பை அது.

‘ரெஃபரர் நம் சைட்டாக இருந்தால்தான் அட்மின் பக்கத்தைத் திறப்பேன்’ என்று எழுதாதீர்கள். கர்ல் தெரிந்த எவரும் உள்ளே வந்துவிடுவார்கள். அட்மினுக்கு லாகின் வையுங்கள்; ஃபார்முக்கு, வேறு சைட்டிலிருந்து போலியாக அனுப்புவதைத் தடுக்கும் சிஎஸ்ஆர்எஃப் டோக்கன் வையுங்கள்.

கடைசியாக, உங்கள் பக்கத்திலிருந்து என்ன வெளியே போகிறது என்பதையும் பாருங்கள். பாஸ்வேர்டு மாற்றும் லிங்க்கில் ரகசிய டோக்கன் முகவரியிலேயே இருக்கும். அந்தப் பக்கத்துக்கு ரெஃபரர்-பாலிசியை ‘நோ-ரெஃபரர்’ என்று வையுங்கள். மற்ற பக்கங்களுக்கு ‘ஸ்ட்ரிக்ட்-ஆரிஜின்-வென்-கிராஸ்-ஆரிஜின்’ என்று வெளிப்படையாகவே எழுதிவிடுங்கள். பழைய பிரவுசர் வைத்திருப்பவருக்கும் அது உதவும்.

சைட்டை ஒப்படைக்குமுன் ஃபார்மை இப்படியெல்லாம் திறந்து பாருங்கள்: பாய்ப் பக்கத்திலிருந்து தட்டி, முகவரியை டைப் செய்து, வாட்ஸ்அப்பில் உங்களுக்கே லிங்க் அனுப்பி, இரண்டு டேபில் இரண்டு பாயோடு, போன் நம்பரைத் தப்பாகப் போட்டு ஒருமுறை திருத்தி. எல்லாவற்றிலும் அண்ணாச்சிக்குப் போகும் மெயிலில் சரியான பாயின் பெயர் இருக்கவேண்டும். பாய் எண்ணே இல்லாமல் டைப் செய்து வந்தவருக்கு மட்டும் ‘எந்தப் பாய்?’ என்று ஃபார்மே ஒரு பட்டியலைக் காட்டிக் கேட்கவேண்டும்.